குறைவெண் வரம்பு: நெட் தேர்வுக்காகக் கோரம் சென்சிங் படித்த அனுபவம்

ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வுக்கு நான் இரண்டாவது முறையாகத் தயாராகிக்கொண்டிருந்தபோது எழுதிய ஒரு மாதிரித் தேர்வில், விப்ரியோ ஹார்வேயி என்ற ஒளிரும் கடல் பாக்டீரியாவைப் பற்றி ஒரு பார்ட் சி கேள்வி வந்திருந்தது. அதில் மூன்று மியூட்டன்ட்கள், அதாவது மரபணு பழுதான வகைகள், கொடுக்கப்பட்டிருந்தன. முதலாவதில் சமிக்ஞை மூலக்கூறுகளைத் தயாரிக்கும் மூன்று நொதிகளும் இல்லை. இரண்டாவதில் அந்தச் சமிக்ஞைகளை உணரும் மூன்று ஏற்பிகளும் இல்லை. மூன்றாவதில் லக்ஸ்-ஓ என்ற ஒரே ஒரு புரதம் இல்லை. செல்கள் மிகக் குறைவாக இருக்கும் நிலையில் இவற்றுள் எவை ஒளிரும் என்பது கேள்வி. வாய் இல்லாததும் இருட்டு, காது இல்லாததும் இருட்டு, நடுவே கம்பி அறுந்ததும் இருட்டு என்று எண்ணி, எதுவும் ஒளிராது என்ற விடையைக் குறித்தேன். சரியான விடை, பின்னிரண்டும் ஒளிரும் என்பது. நான்கு மதிப்பெண் கிடைக்காமல் போனதோடு நெகட்டிவ் மார்க்காக ஒன்று கழிந்தது.

அந்தத் தேர்வில் வேறு பல கேள்விகளும் தவறின. ஆனால் இது மட்டும் உறுத்தியதற்குக் காரணம், எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நம்பியிருந்த பாடம் இது என்பதுதான். பாக்டீரியாவின் பெயர், சமிக்ஞையின் பெயர், ஏற்பியின் பெயர், விளைவு என்று நான்கு கட்டங்கள் போட்ட ஓர் அட்டவணையைப் படிக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்த அட்டவணையில் இல்லாதது ஒன்றே ஒன்று: செல்கள் குறைவாக இருக்கும்போது என்ன நடக்கிறது, மிகும்போது அதில் எது மாறுகிறது என்பது. பாக்டீரியாக்கள் தாம் வெளியே விடும் சமிக்ஞை மூலக்கூறுகள் சேர்வதை உணர்ந்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் கோரம் சென்சிங் என்பதே அந்த மாற்றத்தின் பெயர்தான் என்பதால், உயிர் இல்லாத உடம்பைத்தான் நான் மனப்பாடம் செய்திருந்தேன். இந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து எப்படிப் படித்தேன் என்பதை, இதே தேர்வுக்கும் முதுகலை நுண்ணுயிரியல் தேர்வுகளுக்கும் தயாராகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தில் இது நான்காவது அலகில், செல் சமிக்ஞைப் பகுதியின் கடைசி வரியில், பாக்டீரியா வேதிப்பொருளை நோக்கியோ விலகியோ நகரும் கீமோடாக்சிஸோடு சேர்த்து இரண்டே சொற்களில் வருகிறது. அரை வரிதானே என்று பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இரு கூற்று ஒழுங்குமுறை, சிறு ஆர்என்ஏ, ஓப்பரான் (ஒன்றாக இயங்கும் மரபணுக்களின் தொகுப்பு), உயிர்ப்படலம் (பரப்பில் ஒட்டி வாழும் பாக்டீரியாக் கூட்டம்), நோயுண்டாக்கும் காரணிகள், கூட்டுறவின் பரிணாமம் ஆகிய அனைத்தும் இந்த அரை வரிக்குள் வந்து கலக்கின்றன. பார்ட் சியில் எழுபத்தைந்து கேள்விகளிலிருந்து இருபத்தைந்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில், உறுதியாகப் போடக்கூடிய ஒரு கேள்வியாக இதை மாற்றிக்கொள்ள முடியும். அதற்கு நான்கு நாள் போதும்; எனக்கு ஒரு மாதம் ஆனது, ஏனெனில் தவறாகப் படித்ததை முதலில் மறக்க வேண்டியிருந்தது.

முதல் நாளை ஒரே ஒரு பரிசோதனைக்குக் கொடுங்கள். 1970இல் ஹார்வர்டில் கென்னத் நீல்சன், டெரி பிளாட், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர், இன்று அலிவிப்ரியோ ஃபிஷெரி என்று அழைக்கப்படும் ஒளிரும் பாக்டீரியாவைப் புதிய வளர்ப்பு ஊடகத்தில் நீர்த்துப் போட்டு வளர்த்தார்கள். செல்கள் வழக்கம்போல் இரட்டிப்பாகிக்கொண்டே போயின. ஒளியோ அப்படியே நின்றது. அதாவது, செல் ஒன்றுக்கான ஒளி முதல் சில மணி நேரம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒரு கட்டத்தில், செல்களின் பெருக்கத்தைவிடப் பன்மடங்கு வேகமாக ஒளி ஏறியது. இந்த இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் உங்கள் கையால் வரைந்து பாருங்கள். தேர்வில் வரைபடம் கொடுத்தால் நிற்கும் அச்சில் இருப்பது மொத்த ஒளியா, செல் ஒன்றுக்கான ஒளியா என்று பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வரும். அதைப் பார்க்காமல் விடையைக் குறித்துவிட்டு வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

அடர்த்தியாக வளர்ந்த கலவையிலிருந்து செல்களை நீக்கிவிட்டு, எஞ்சிய ஊடகத்தில் சில செல்களைப் போட்டால் அவை முன்கூட்டியே ஒளிரத் தொடங்குகின்றன. இதிலிருந்து, பாக்டீரியாக்கள் ஏதோ ஒரு தூண்டியை வெளியே விடுகின்றன என்ற முடிவுக்கு நாம் தாவிவிடுகிறோம். கொஞ்சம் நின்று யோசியுங்கள். புதிய ஊடகத்தில் ஒளியைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருந்து, வளரும் செல்கள் அதை அகற்றிவிட்டிருந்தாலும் இதே முடிவுதானே கிடைக்கும்? அக்காலத்தில் உண்மையிலேயே அப்படி ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டிருந்தது. தூண்டி என்று ஒரு பொருள் இருக்கிறது என்பதை மறுக்க முடியாதபடி காட்டியது, 1981இல் அதைப் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டறிந்து, செயற்கையாகவும் தயாரித்துப் பார்த்த வேலைதான். அந்த மூலக்கூறு ஓர் அசைல் ஹோமோசெரின் லாக்டோன். ஆறு கார்பன் வாலில் மூன்றாவது கார்பனில் ஓர் ஆக்சோ தொகுதி கொண்டது. இந்த ஐயத்தை நான் தனியாக எழுப்பிக்கொள்ளவில்லை, முதுகலை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு வெளித் தேர்வாளர் என்னிடம் கேட்டு, நான் விழித்துக்கொண்டு நின்ற பிறகு கற்றுக்கொண்டது.

கோரம் சென்சிங் என்ற பெயர் 1994இல்தான் ஃபுக்குவா, வினான்ஸ், கிரீன்பெர்க் எழுதிய ஒரு கட்டுரையில் வந்தது. கிராம சபைக் கூட்ட அறிவிப்புகளைப் படித்திருப்பவர்களுக்குக் குறைவெண் வரம்பு என்ற சொல் பழக்கமானதாக இருக்கும்; இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், தீர்மானம் போடலாம் என்பது அதன் பொருள். தமிழ்வழியில் பிளஸ் டூ வரை படித்து வந்த எனக்கு இந்தச் சொல் கிடைத்த அன்றுதான் தலைப்பே விளங்கியது. ஆனாலும் இந்த உவமையை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். பாக்டீரியா தலை எண்ணுவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள சமிக்ஞையின் செறிவை மட்டுமே அறிகிறது. அந்தச் செறிவு செல்களின் எண்ணிக்கையால் மட்டும் உயர்வதில்லை. வெளியேற வழியில்லாத மிகச் சிறிய இடத்தில் அடைபட்ட சில செல்களும் வரம்பை எட்டக்கூடும்; ஓடும் நீரில் ஏராளமான செல்கள் இருந்தும் எட்டாமல் போகக்கூடும். 2002இல் ரோஸ்மேரி ரெட்ஃபீல்டு, இந்தச் சமிக்ஞைகள் அடிப்படையில் அக்கம்பக்கத்தாரை எண்ணுவதற்கு அல்ல, வெளியே விடும் பொருள் எவ்வளவு வேகமாக விரவிப் போகிறது என்பதை அளப்பதற்கே என்று வாதிட்டார். கூற்று–காரணம் வகைக் கேள்விகளில் எண்ணிக்கை, செறிவு என்ற இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

இரண்டாவது நாள் அலிவிப்ரியோ ஃபிஷெரியின் சுற்றுக்கு. ஹவாய்த் தீவுகளின் ஆழமற்ற கடலில் இரவில் வேட்டையாடும் சிறு கணவாய் ஒன்றின் அடிவயிற்றுப் பக்கம் உள்ள ஒளி உறுப்பில் இந்தப் பாக்டீரியா குடியிருக்கிறது. மேலிருந்து விழும் நிலவொளிக்கு ஈடாகக் கணவாய் கீழ்நோக்கி ஒளியை விடுவதால், அடியில் இருந்து பார்ப்பவற்றுக்கு அதன் நிழலுரு தெரிவதில்லை. ஒவ்வொரு விடியலிலும் கணவாய் தன்னிடமுள்ள பாக்டீரியாக்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை வெளியே தள்ளிவிடுகிறது. எஞ்சியவை பகல் முழுவதும் பெருகி, இருட்டும் நேரத்தில் மறுபடி வரம்பை எட்டுகின்றன. குறை அடர்த்தி, மிகை அடர்த்தி என்ற இரண்டு நிலைகளும் ஒரே உயிரின் உடலில் நாள்தோறும் மாறி மாறி வருவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

சுற்று எளிமையானது. லக்ஸ்-ஐ என்ற நொதி, எஸ்-அடினோசில் மெத்தியோனைனையும் அசைல் ஏற்றிய கடத்துப் புரதத்தையும் கொண்டு சமிக்ஞையைத் தயாரிக்கிறது. அது சவ்வின் வழியே தானாகவே வெளியேயும் உள்ளேயும் போய்வரும். உள்ளே போதிய செறிவில் சேர்ந்ததும் லக்ஸ்-ஆர் புரதத்தோடு பிணைந்து அதை நிலைப்படுத்துகிறது. அந்த இணை, லக்ஸ் பெட்டி என்ற இருபது இணை நீளமுள்ள டிஎன்ஏ வரிசையில் அமர்ந்து ஓப்பரானைத் தூண்டுகிறது. அந்த ஓப்பரானின் முதல் மரபணுவே லக்ஸ்-ஐ. ஆகவே கொஞ்சம் சமிக்ஞை மேலும் சமிக்ஞையை உண்டாக்குகிறது. ஒளி படிப்படியாக ஏறாமல் திடீரென்று ஏறுவதற்கு இந்த நேர்ப் பின்னூட்டமே முக்கியக் காரணம். 1983இல் இந்த மரபணுத் தொகுதியை ஈ. கோலைக்குள் செலுத்தியபோது, அதுவும் அடர்த்தியைப் பொறுத்து ஒளிர்ந்தது. இதன் மியூட்டன்ட்களை இப்போதே எழுதிப் பாருங்கள்: லக்ஸ்-ஐ இல்லாதது இருட்டு, ஆனால் வெளியிலிருந்து சமிக்ஞை கொடுத்தால் ஒளிரும், லக்ஸ்-ஆர் இல்லாதது இருட்டு, எவ்வளவு சமிக்ஞை கொடுத்தாலும் இருட்டு. இங்கே வாய் இல்லாவிட்டாலும் காது இல்லாவிட்டாலும் ஒரே விளைவுதான். என்னைக் கவிழ்த்தது, இந்த விதியை எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் பொதுவாக்கிக்கொண்டதுதான்.

மூன்றாவது நாள் முழுவதையும் விப்ரியோ ஹார்வேயிக்குக் கொடுக்கலாம். அது அவ்வளவுக்குத் தகுதியானது. ஆய்வுக்கூடங்களில் பயன்படும் அதன் முதன்மையான இனவகையை இப்போது விப்ரியோ கேம்ப்பெல்லி என்று மாற்றிப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதால், புதிய கட்டுரைகளில் அந்தப் பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். மாலுமிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த பாற்கடல் என்ற காட்சியோடும் இதற்குத் தொடர்பு உண்டு: 1985இல் அரபிக்கடலில் அப்படி ஒளிர்ந்த நீரைச் சோதித்த ஆய்வுக் கப்பல் விப்ரியோ ஹார்வேயியைக் கண்டது. 1995இல் சோமாலியாவுக்கு அருகே ஒரு வணிகக் கப்பல் கண்ட பாற்கடலைச் செயற்கைக்கோள் படங்களில் தேடிப் பார்த்தவர்கள், அது ஏறக்குறைய 15,400 சதுர கிலோமீட்டர் பரவியிருந்ததாக 2005இல் வெளியிட்டார்கள். இது தேர்வுக்குத் தேவையில்லை. நான் படித்துக் களைத்த ஓர் இரவில் தூக்கத்தை விரட்டியது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் பாக்டீரியாவில் மூன்று சமிக்ஞைகள் உண்டு. லக்ஸ்-எம் தயாரிக்கும் எச்ஏஐ-1ஐ லக்ஸ்-என் உணர்கிறது; லக்ஸ்-எஸ் வழியாகப் பிறக்கும் ஏஐ-2ஐ லக்ஸ்-பி, லக்ஸ்-க்யூ என்ற இணை உணர்கிறது; சிக்யூஎஸ்-ஏ தயாரிக்கும் சிஏஐ-1ஐ சிக்யூஎஸ்-எஸ் உணர்கிறது. இவற்றுள் ஏஐ-2 போரான் அணுவைத் தாங்கியது என்பது 2002இல் தெரியவந்தது. ஓர் அடையாளக் கேள்விக்கு அந்த ஒரு செய்தி உதவும். பெயர்கள் இவ்வளவே. நீங்கள் கவனிக்க வேண்டியது, சமிக்ஞை இல்லாதபோது இந்த ஏற்பிகள் சும்மா இருப்பதில்லை என்பதைத்தான். செல்கள் குறைவாக இருக்கையில் ஏற்பிகள் கைனேஸாக, அதாவது பாஸ்பேட்டை ஏற்றும் நொதியாக, வேலை செய்து பாஸ்பேட்டை லக்ஸ்-யூவுக்குக் கொடுக்கின்றன. லக்ஸ்-யூ அதை லக்ஸ்-ஓவுக்குக் கடத்துகிறது. பாஸ்பேட் ஏறிய லக்ஸ்-ஓ, ஆர்என்ஏ தயாரிப்பைத் தொடங்க உதவும் சிக்மா-54 என்ற புரதத்துடன் சேர்ந்து க்யூஆர்ஆர் என்ற சிறு ஆர்என்ஏக்களைத் தயாரிக்கச் செய்கிறது; அவை ஹெச்எஃப்க்யூ புரதத்தின் துணையோடு லக்ஸ்-ஆரின் தூது ஆர்என்ஏவை அழிக்கின்றன. லக்ஸ்-ஆர் இல்லை, ஒளியும் இல்லை. செல்கள் மிகுந்து சமிக்ஞைகள் ஏற்பியில் அமர்ந்ததும், அதே ஏற்பி பாஸ்படேஸாக மாறிப் பாஸ்பேட்டைத் திரும்ப உருவிக்கொள்கிறது, லக்ஸ்-ஓ செயலிழக்கிறது, லக்ஸ்-ஆர் பிழைத்து ஒளி வருகிறது.

ஏற்பியைக் காதாக எண்ணாமல், சமிக்ஞை வந்து வாயை அடைக்கும் வரை ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கூவிக்கொண்டே இருக்கும் காவலாளாக எண்ணிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. காவலாளே இல்லாத வீட்டில் தடுப்பதற்கு யாரும் இல்லை. ஆகவே மூன்று ஏற்பிகளும் இல்லாத மியூட்டன்ட் எப்போதும் ஒளிரும். சமிக்ஞைகள் மட்டும் இல்லாவிட்டால் காவலாளை அடக்க யாரும் இல்லை. அது எப்போதும் இருட்டு. லக்ஸ்-ஓவை நீக்கினால் ஒளி. லக்ஸ்-ஓவில் பாஸ்பேட் ஏறியது போலவே நடந்துகொள்ளும் டி47ஈ மாற்றத்தைச் செய்தால் இருட்டு. ஹெச்எஃப்க்யூவை நீக்கினால் ஒளி. ஒரே ஓர் ஏற்பி மட்டும் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வேலை செய்வதால் அடர்த்திக் கட்டுப்பாடு தொடர்கிறது. இந்த விடைகளைக் கண்ணால் படித்துத் தலையாட்டாமல், ஒரு தாளை நடுவே மடித்து, இடப்பக்கம் குறை அடர்த்தி, வலப்பக்கம் மிகை அடர்த்தி என்று எழுதி, ஒவ்வொரு புரதத்தையும் அழிப்பானால் அழித்துவிட்டுப் பாஸ்பேட் எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துத் தொடருங்கள். நான் அந்த ஒரு தாளில் முப்பது முறையாவது அழித்து எழுதியிருப்பேன். தாள் கிழிந்த பிறகு சிலேட்டுக்கு மாறினேன்.

இன்னொரு கண்ணியும் இங்கே இருக்கிறது. விப்ரியோ ஹார்வேயியின் லக்ஸ்-ஆரும் அலிவிப்ரியோ ஃபிஷெரியின் லக்ஸ்-ஆரும் பெயரில்தான் ஒன்று, குடும்பத்தால் வேறு. ஃபிஷெரியினுடையது சமிக்ஞையோடு நேரடியாகப் பிணைவது. ஹார்வேயியினுடையது அப்படிப் பிணைந்து செயல்படுவதல்ல. வரலாற்றால் வந்த இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு மாணவர்கள்தான் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது விப்ரியோ காலரே. சுற்று ஏறத்தாழ ஹார்வேயியினுடையதே, லக்ஸ்-ஆரின் இடத்தில் ஹாப்-ஆர் இருக்கிறது. பெரும்பாலான நோய்க்கிருமிகள் கூட்டம் சேர்ந்த பிறகே தாக்குகின்றன என்று படித்துவிட்டு வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். வாந்திபேதிக் கிருமியின் வழக்கம் நேர்மாறானது. செல்கள் குறைவாக இருக்கும்போது அது குடலில் பற்றிக்கொள்ளும் இழைகளையும் நஞ்சையும் உயிர்ப்படலத்தையும் உண்டாக்குகிறது. மிகுந்ததும் ஹாப்-ஆர் அவற்றையெல்லாம் அடக்கிவிட்டு, பிடியை விடுவிக்க உதவும் புரோட்டியேஸை (புரதத்தை வெட்டும் நொதியை) சுரக்கச் செய்கிறது. கஞ்சித் தண்ணீர் போன்ற பேதியோடு கூட்டம் கூட்டமாக வெளியேறி அடுத்த ஆளைத் தேடும் உயிருக்கு இது பொருத்தமான ஏற்பாடு. சிறுகுடலில் வந்து பெருகிவிட்டு விரைவில் புறப்படுகிற விருந்தாளி என்று நினைவில் வைத்துக்கொண்டால் திசை மறக்காது.

கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களை அரை நாளில் முடித்துவிடலாம். அவற்றின் சமிக்ஞைகள் பெப்டைடுகள். சவ்வைத் தாமாகக் கடக்காதவை. ஆகையால் அவற்றை வெளியேற்ற ஒரு கடத்தியும், பெரும்பாலும் வெளியிலேயே உணரும் ஒரு சவ்வு ஏற்பியும் தேவை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் ஏஜிஆர் அமைப்பில், ஏஜிஆர்-டி என்ற முன்னோடியை ஏஜிஆர்-பி வளையமாக்கி வெளியே விடுகிறது, ஏஜிஆர்-சி உணர்கிறது, ஏஜிஆர்-ஏ பாஸ்பேட் பெற்று ஆர்என்ஏ-III என்ற ஆர்என்ஏவை உண்டாக்குகிறது. இங்கே சமிக்ஞை வந்தால்தான் கைனேஸ் வேலை தொடங்கும். ஹார்வேயியில் சமிக்ஞை வந்தால் கைனேஸ் வேலை நிற்கும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். இந்த இனத்தில் நான்கு ஏஜிஆர் குழுக்கள் உண்டு. ஒரு குழுவின் பெப்டைடு பொதுவாக இன்னொரு குழுவின் ஏற்பியைத் தடுத்துவிடுகிறது. நியூமோகாக்கஸ் வெளியிலிருந்து டிஎன்ஏவை ஏற்கும் திறனும் இப்படி ஒரு சுரப்பால் கட்டுப்படுகிறது என்பதை டோமாஸ் 1965இலேயே காட்டிவிட்டார். ஒளிரும் பாக்டீரியாவில்தான் எல்லாம் தொடங்கியது என்று கதை சொல்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் லாஸ், ரெல், பிக்யூஎஸ் என்ற மூன்று சமிக்ஞை அமைப்புகளையும், வழக்கமான வளர்ப்பு நிலையில் லாஸ் மேலே இருந்து மற்றவற்றைத் தூண்டுகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் போதும். அதற்கு மேலுள்ள கிளைகளை நான் துணிந்து விட்டுவிட்டேன், அதனால் இழப்பு எதுவும் ஏற்படவில்லை. ஆனால் லாஸ் அமைப்பின் ஏற்பியான லாஸ்-ஆர் பழுதான மியூட்டன்ட்களின் கதையை விட்டுவிடாதீர்கள். லாஸ் அமைப்பின் தூண்டுதலால், எலாஸ்டேஸ் போன்ற புரதம் சிதைக்கும் நொதிகளைச் செல் வெளியே சுரக்கிறது. அதன் பயன் அக்கம்பக்கத்திலுள்ள எல்லாருக்கும் கிடைக்கிறது. கேசீன் என்ற புரதத்தை மட்டுமே உணவாகக் கொடுத்து வளர்த்தால், நொதியைச் சுரக்கும் செலவை ஏற்காத லாஸ்-ஆர் மியூட்டன்ட்கள் கூட்டத்தின் நடுவே பெருகுகின்றன. மொய் எழுதாமல் பந்தியில் உட்காருபவர்கள் சிலர் இருக்கலாம். எல்லாரும் அப்படியே வந்தால் பந்தியே நடக்காது. அந்த மியூட்டன்ட்களைத் தனியாக வளர்த்தால் கேசீனில் அவை சரியாக வளர்வதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலிலிருந்தும் இவ்வகை மியூட்டன்ட்கள் அடிக்கடி கிடைக்கின்றன. பதினோராவது அலகான பரிணாமத்திலிருந்து வரும் கேள்விக்கும் இது கைகொடுக்கும்.

நான்காவது நாளில், வாய்ப்பிருந்தால் ஆய்வகத்துக்குப் போங்கள். என் முதுகலை ஆய்வுத் திட்டம், மீன் தொட்டியிலிருந்து எடுத்த ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா சமிக்ஞை சுரக்கிறதா என்று பார்ப்பது. அதற்குக் குரோமோபாக்டீரியம் வயலேசியத்தின் சிவி026 என்ற மியூட்டன்ட்டைப் பயன்படுத்துவார்கள். ஊதா நிறமியை உண்டாக்கும் அந்தப் பாக்டீரியா, தன் சமிக்ஞையைத் தானே தயாரிக்க முடியாததால் தட்டில் வெள்ளையாக வளரும். குட்டை வால் கொண்ட லாக்டோன் வெளியிலிருந்து வந்தால் ஊதாவாகும். இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே கோடிழுத்து 30 பாகை வெப்பத்தில் வைத்துவிட்டு மறுநாள் காலை திறந்தபோது, என் பாக்டீரியாவை நெருங்கிய முனையில் அடர் ஊதாவாகவும், விலக விலக வெளிறி, மறுமுனையில் வெள்ளையாகவும் அந்தக் கோடு இருந்தது. செறிவுச் சரிவு என்று நூல்களில் படித்ததைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அதற்கு அடுத்த வாரம் வந்தது சறுக்கல். அதே பாக்டீரியாவைத் திரவ ஊடகத்தில் இரண்டு நாள் வளர்த்து, செல்களை நீக்கி, தெளிந்த நீரைச் சோதித்தால் ஒரு துளி ஊதாவும் வரவில்லை. மூன்று முறை செய்தும் அதே. சமிக்ஞை இல்லை என்று அறிக்கையில் எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன். எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, ‘பிஹெச் பார்த்தாயா தம்பி?’ என்று மட்டும் கேட்டார். தாளை நனைத்துப் பார்த்தால் ஒன்பதை நெருங்கியிருந்தது. எல்பி போன்ற ஊடகத்தில் பாக்டீரியாக்கள் அமினோ அமிலங்களைத் தின்று அம்மோனியாவை விடுவதால், நெடுநேரம் வளர்த்தால் அது காரமாகிவிடும். காரத்தில் லாக்டோன் வளையம் நீரால் பிளந்து திறந்துவிடும். திறந்த மூலக்கூறு சமிக்ஞை அல்ல. அமிலம் சேர்த்த எத்தில் அசிட்டேட்டால் பிரித்தெடுப்பதும், ஊடகத்தில் மாப்ஸ் தாங்கல் சேர்த்துப் பிஹெச்சை நடுநிலையில் நிறுத்துவதும் ஏன் என்று செய்முறைக் குறிப்புகளில் எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேனே தவிர, காரணத்தைக் கேட்டுக்கொண்டதில்லை. தாங்கல் சேர்த்து, வளர்க்கும் நேரத்தைக் குறைத்ததும் ஊதா வந்தது. தெரிந்த லாக்டோனை அதே ஊடகத்தில் சேர்த்து ஒரு பாசிட்டிவ் கண்ட்ரோல் வைத்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். வைவாவில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

இந்த வளையம் திறப்பதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சமிக்ஞைப் பேச்சைக் குலைக்கும் கோரம் குவென்ச்சிங் என்ற பகுதியும் பாதி முடிந்துவிட்டது. பேசிலஸ் இனத்தில் கிடைத்த ஏஐஐ-ஏ என்ற லாக்டோனேஸ் நொதி இதே வளையத்தைத்தான் திறக்கிறது. அசைலேஸ்கள் வாலை வெட்டுகின்றன. டெலிசியா பல்க்ரா என்ற சிவப்புக் கடற்பாசியின் ஃபியூரனோன்கள் ஏற்பியின் பக்கம் இடையூறு செய்கின்றன. கேள்விகளில், இவை பாக்டீரியாவைக் கொல்கின்றன என்று ஒரு தெரிவு இருந்தால் அதைத் தொடாதீர்கள். பேச்சைக் கெடுப்பதே இவற்றின் வேலை, உயிரைப் பறிப்பது அன்று. எதிர்ப்புத்திறனே வராது என்ற தெரிவையும் நம்ப வேண்டாம். ஸ்டெஃபிலோகாக்கஸில் ஏஜிஆரைத் தடுத்தால் நஞ்சுகள் குறையும். ஆனால் உயிர்ப்படலம் கூடக்கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஏஐ-2 பற்றியும் ஒரு எச்சரிக்கை தேவை. லக்ஸ்-எஸ் நொதி, செல்லின் மெத்தில் சுழற்சியில் ஒரு வளர்சிதை மாற்ற வேலையையும் செய்வதால், அதை நீக்கியதும் தோன்றும் எல்லா மாற்றங்களையும் சமிக்ஞையின் கணக்கில் எழுத முடியாது. ஏஐ-2ஐ வெளியிலிருந்து கொடுத்து மாற்றம் சரியாகிறதா என்று பார்த்த பிறகே சொல்லலாம்.

மூன்றாவது முறை தேர்வு எழுதப் போனபோது, கொடுத்த ரஃப் தாளில் இருக்கையில் அமர்ந்ததும் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் குறை, மிகை என்று எழுதிக்கொண்டேன். அந்த முறை உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. இப்போது என்னிடம் படிக்க வரும் மாணவர்களுக்கு, இந்தப் பாடம் முடிந்த அன்று ஒரு கணக்கைக் கொடுக்கிறேன். நீங்களும் தாளை மடித்து வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். விப்ரியோ காலரேயில் லக்ஸ்-ஓவை நீக்கினால் நோயுண்டாக்கும் திறன் என்ன ஆகும்? க்யூஆர்ஆர் வராது, ஹாப்-ஆர் எப்போதும் இருக்கும், நஞ்சும் பற்றிழையும் அடங்கிவிடும், ஆகவே குடலில் குடியேறும் திறன் குன்றும் என்று எல்லாரும் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். உடனே அடுத்ததைக் கேட்கிறேன்: முழு மரபணுத் தொகுதி முதலில் படிக்கப்பட்ட என்16961 என்ற இனவகையில் அதே லக்ஸ்-ஓவை நீக்கினால்? பெரும்பாலோர் அதே விடையையே சொல்கிறார்கள். அந்த இனவகையில் ஹாப்-ஆர் மரபணுவே சட்டக மாற்றத்தால், அதாவது மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை பிசகியதால், பழுதாகிக் கிடக்கிறது. மேலே எதை நீக்கினாலும், க்யூஆர்ஆர் வழியாக ஹாப்-ஆரில் போய் முடியும் விளைவு எதுவும் அங்கே மாறாது.